தேசியப் பள்ளிவாசல் கூரை: அடுத்த அடுக்கு ஏற்றுமுன்

கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசலைப் பராமரிக்கும் நிர்வாகத்தாருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

1965 ஆகஸ்டில் திறந்தபோது இந்தப் பள்ளியின் கூரை இளஞ்சிவப்புக் கான்கிரீட். குவிமாடம் கிடையாது, விரித்த குடை போன்ற மடிப்புக் கூரை, பக்கத்தில் மடக்கிய குடை போல 73 மீட்டர் மினாரா. அந்த மடிப்பு வெறும் அழகுக்கானதல்ல. மடித்த தாள் விறைத்து நிற்பது போல, மடிப்பின் பலத்தில்தான் கான்கிரீட் தகடு அவ்வளவு பெரிய தொழுகைக் கூடத்தின் மேல் நிற்கிறது. 1987 புதுப்பிப்பில் அதன்மேல் பச்சை, நீல ஓடு வந்தது. அதைப் பெயர்க்கச் சொல்லவில்லை. இனி இன்னொரு அடுக்கு வேண்டாம், அவ்வளவுதான் கேட்கிறோம்.

மடிப்புக் கூரையில் மழை முழுக்கப் பள்ளங்களில்தான் ஓடும். வடிகுழாய் வாயை நாலு இலை அடைத்தாலும் தண்ணீர் தேங்கும். ஓட்டு இடுக்கில் இறங்கினால் அடியிலேயே தங்கி, எங்கோ தள்ளிப் போய்க் கசியும். கறை தெரிகிற இடத்தில் மட்டும் பூசுவது அதனால்தான் வீண். விரிசலையும் ஓடு மறைத்துவிடும்.

காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தை மெல்ல அரிக்கிறது. காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 12.5-க்கு மேல் இருந்தது 9 வரை இறங்கினால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிக்குக் காப்பு போய்விடும். ஈரமும் சேர்ந்தால் துரு. துரு உப்பினால் காரை வெடித்து விழும்.

முதலில் கூரையின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல இடம் 'கண்' என்னும், பிரிந்த இடம் 'பொத்' என்னும். ஒரு சில்லு உடைத்து, புதிதாக உடைந்த முகத்தில் பினால்ப்தலீன் கரைசல் தெளியுங்கள். காரம் உள்ள இடம் உடனே கருஞ்சிவப்பாகும்; போன இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதே கேள்வி.

தொட்டிருந்து கம்பி துருவும் பிடித்திருந்தால், கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவு, சுமார் 20 மில்லிமீட்டர், குடைந்தெடுக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் சுரண்டினால் பின்பக்கத் துரு மறுபடி தள்ளும். ஓரத்தைச் சரிவாக இழைக்காமல் செங்குத்தாக வெட்டுங்கள். மெல்லிய ஓரம்தான் முதலில் பெயரும். காய்ந்தபின் பழைய கான்கிரீட்டைவிட மிகக் கடினமாகிற கலவை நாளடைவில் பிரிந்துவரும். ஈரச்சாக்கு போர்த்தி 7 நாளாவது காயாமல் வையுங்கள்.

எந்தக் கலவையானாலும் கண்ணில் படாத மூலையில் மாதிரி ஒன்று செய்து, ஒரு மழைக்காலம் நனையவிட்டுப் பார்த்தபின் மற்ற இடத்துக்குப் போங்கள்.

இப்படிக்கு,
பழைய கான்கிரீட் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலினர்