கிரியேட்டினின் 1.2க்குள் இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார மருத்துவப் பக்கத்தில், இரத்தத்தில் கிரியேட்டினின் ஒரு டெசிலீட்டருக்கு 1.2 மில்லிகிராமுக்குள் இருந்தால் சிறுநீரகத்தில் குறையில்லை என்று எழுதியிருந்தீர்கள். மெலிந்த உடம்புள்ள தோட்டத் தொழிலாளர் நிறைந்த மலையகத்துக்கு இந்தக் கணக்குச் சரிவராது.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்த உடம்பில் அது ஊறுவதே கொஞ்சம். ஆகவே சிறுநீரகம் பாதி ஓய்ந்த பிறகும் ரிப்போர்ட்டில் எண் ஏறாமல் இருக்கலாம். 1.1 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் கணிக்க 2021இல் வெளிவந்த சி.கே.டி-எபி சூத்திரத்தில் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் போட்டால், 25 வயது இளைஞருக்கு வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 95.5 மில்லிலீட்டர் வரும். 60 வயது அம்மாவுக்கு 57.5தான். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். 1.2 என்ற எல்லையை வைத்தால் இருவர் ரிப்போர்ட்டிலும் ‘நோர்மல்’ என்றே இருக்கும்.

அந்த 57.5கூட 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்குச் சொன்னது. அந்த அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தே மெலிந்த, 145 சென்ரிமீட்டர் உயரமும் 40 கிலோ எடையும் உள்ள ஒருவரானால் உடற்பரப்பு ஏறக்குறைய 1.27. அப்படியானால் அவருக்கு உள்ளபடி வடிவது நிமிடத்துக்கு 42 மில்லிலீட்டர். மருந்தின் அளவைத் தீர்மானிக்கும்போது பார்க்க வேண்டியது இந்த எண்ணை. தசை குறைவென்பதால் இதுவும் கூடுதலான மதிப்பீடாக இருக்கலாம். கொழுந்தை நாளுக்கு இரண்டு மூன்று தடவை நிறுக்கிறார்கள். கிளினிக் கொப்பியில் ஆளின் எடைக்குரிய இடம்தான் பல வேளை வெறுமையாகக் கிடக்கிறது.

சில லெப்களில் 97 என்று வரும். பயப்பட வேண்டாம், அலகு வேறு (லீட்டருக்கு மைக்ரோமோல்), 88.4ஆல் வகுத்தால் அதே 1.1.

முதல்நாள் இரவு இறைச்சிக் கறி நிறையச் சாப்பிட்டிருந்தால் எண் கூடும். கோட்ரைமோக்சசோல் என்ற அன்டிபயோட்டிக் மருந்தைக் குடிப்பவர்களுக்கும், சிறுநீரகம் கெடாமலே கூடும். வயிற்றோட்டம், வாந்தியால் உடம்பு வற்றி கிரியேட்டினின் நாளுக்கு நாள் மாறும்போது சூத்திரமே பொருந்தாது. மஞ்சட்காமாலை உள்ளவருக்குப் கிரியேட்டினினை அளக்கும் பழைய ஜாஃபே முறையில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டலாம். சந்தேகமென்றால் இரத்தத்தில் சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தைப் பார்க்கலாம். அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல, ஆனால் தைரொயிட் கோளாறும் ஸ்டீரொயிட் மாத்திரையும் அதைப் புரட்டிவிடும். செலவும் கூட.

சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் காலை முதற் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தையும் பார்க்கக் கேளுங்கள். சிறுநீரிலுள்ள ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதம் தொடர்ந்து போனால், இரத்தத்தில் கிரியேட்டினின் 0.7 ஆக இருந்தாலும் அது சிறுநீரக நோய்தான்.

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள் சிலர்,
அட்டன்.