47 தீர்மானங்கள், ஒரே ஓட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கா பற்றி உங்கள் இதழில் என்ன வந்தாலும் பெரும்பாலும் வெள்ளை மாளிகையோடு நின்றுவிடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. ஊரில் இருந்தவரை நானும் அதைத்தான் தேடிப் படித்தேன். கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. உள்ளூர்ச் சிறை, அரசு மருத்துவமனை, சொத்து வரி, தேர்தல் நடத்துவது எல்லாமே கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கையில் இருக்கிறது என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

இந்த மாநிலத்தில் 58 கவுண்டிகள். பெரும்பாலானவற்றை ஆள்வது ஐந்து பேர் கொண்ட வாரியம். அவர்களுக்குப் பெயர் சூப்பர்வைசர். நம் ஊரில் சூப்பர்வைசர் என்றால் கட்டட வேலையில் குடை பிடித்து நிற்பவர். இங்கே எம்.எல்.ஏ.வும் அமைச்சரும் ஒரே ஆளாகச் சேர்ந்தால் எப்படியோ அப்படி. விதி போடுவதும் பணம் ஒதுக்குவதும் நிர்வாகத்தை மேய்ப்பதும் அதே ஐவர்தான். ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டிக்கும் ஐந்து பேர்தான். அதை ஒன்பதாக்க 2024-இல்தான் மக்கள் ஓட்டுப் போட்டார்கள்.

நான் தமிழ்நாட்டில் ஓர் அரசுத் துறையின் டெண்டர் பிரிவில் 31 வருடம் இருந்தவன். கம்பெனிக்காரர்கள் முன்னால் உறையைப் பிரித்து, விலையை உரக்க வாசித்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்ட ஆள். கை சும்மா இருக்குமா? ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கவுண்டி வாரியக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெயர் எழுதினால்தான் உள்ளே விடுவோம் என்று கட்டாயப்படுத்த இங்கே சட்டமே இடம் தருவதில்லை. 1953-இல் வந்த பிரவுன் சட்டம் அது. கூட்டத்தில் எதைப் பேசப் போகிறார்கள் என்ற பட்டியலை 72 மணி நேரம் முன்னதாக ஒட்டிவிட வேண்டும். ஐந்து பேரில் மூன்று பேர் வெளியே கூடி வாரிய விஷயத்தைப் பேசக் கூடாது. இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டே பேசலாம், ஆனால் அதில் ஒருவர் போய் மூன்றாமவர் காதில் போட்டாலும் சட்ட மீறல்தான். மின்னஞ்சலுக்கும் இதே கதை. படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

சரி, கூட்டம் தொடங்கியது. அன்றைய பட்டியலில் 47 விஷயங்கள் ‘கன்சென்ட் கேலண்டர்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தன. விவாதம் தேவையில்லாதவை என்று அதிகாரிகள் கருதுவதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பார்கள். தலைவர் ஒரு வரி படித்தார், ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், ஐந்து ‘ஆம்’. நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் 47-ம் முடிந்துவிட்டது. அதன்பிறகு தெருநாய்க் காப்பகத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் காரசாரமாகப் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த மூட்டையைப் பிரித்தேன். கொள்முதல் எல்லாம் அதற்குள்தான் இருந்தது. இரண்டு மூன்று விஷயங்கள் எனக்குப் புதுசு. ஒன்று, வேறொரு அரசு அமைப்பு ஏற்கெனவே போட்ட டெண்டரின் விலையிலேயே நாமும் ஏறிக்கொள்வது. அடுத்த வீட்டுக்காரர் பேரம் பேசி வாங்கிய விலைக்கு நமக்கும் ஒன்று கொடுங்கள் என்பதுபோல. நேரம் மிச்சம்தான், ஆனால் அந்தப் பேரம் நம் தேவைக்காகப் பேசியது இல்லையே. ‘இது இவரிடம் மட்டும்தான் கிடைக்கும்’ என்ற குறிப்போடு வரும் ஒற்றை ஆள் கொள்முதலும் இருந்தது. அது எனக்குப் பழைய நண்பன், முகம் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

துப்புரவு ஒப்பந்தம் ஒன்று கண்ணை உறுத்தியது. ஒரு வருடத்துக்குப் போட்டது, அன்று நான்காவது திருத்தம். புது டெண்டர் இல்லை, தொகை மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறியிருந்தது. அடுத்த கூட்டத்தில் சீட்டு எழுதிக் கொடுத்து மைக் முன்னால் போய் நின்றேன். எனக்கு இரண்டு நிமிடம். பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு. என் ஆங்கிலம் மஞ்சளில்தான் சூடு பிடித்தது. “நன்றி, அடுத்தவர்” என்றார்கள். அவ்வளவுதான்.

விடாமல் ஆவணம் கேட்டு எழுதிப் போட்டேன். உள்ளபடி சொல்ல வேண்டுமானால், என் சந்தேகம் பாதி தவறு. ஐந்து வருடம் வரை நீட்டிக்கலாம் என்று முதல் டெண்டரிலேயே எழுதியிருக்கிறார்கள். நீட்டித்தது முறைதான். தொகை ஏன் ஏறியது என்பதற்கு மட்டும் அந்தத் தாள்களில் ஒரு வரியும் இல்லை. வாரியத்தில் யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் எழுதி வைக்கவும் இல்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே மாநிலத்தின் ஆரஞ்ச் கவுண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். கொரோனா காலத்தில் வந்த மத்திய அரசு நிவாரணப் பணத்தில், சூப்பர்வைசர்கள் தங்கள் தொகுதிக்குத் தாங்களே பார்த்துக் கொடுக்க ஒரு பங்கு இருந்தது. அதில் ஒரு பகுதி வாரியத்தில் ஓட்டுக்கே வரவில்லை. வியட்நாம் வம்சாவளியைச் சேர்ந்த ஆண்ட்ரூ டோ என்ற சூப்பர்வைசர் வியட் அமெரிக்கா சொசைட்டி என்ற அமைப்புக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் போக வழி செய்தார். முதியோருக்குச் சாப்பாடு போடத்தான் பெரும்பகுதி. சாப்பாட்டுக்கென்று கொடுத்ததில் ஆறில் ஒரு பங்குகூட சாப்பாட்டுக்குப் போகவில்லை என்கிறது அரசுத் தரப்பு. அந்த அமைப்போடு அவர் மகளுக்குத் தொடர்பு இருந்தது, அதை அவர் வாரியத்தில் சொல்லவில்லை. வயதுவந்த பிள்ளையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்று அப்போது சட்டமும் கேட்கவில்லை. ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல் லஞ்சம் வாங்கியதை 2024 அக்டோபரில் ஒப்புக்கொண்டார். 2025 ஜூனில் ஐந்து வருடச் சிறை. தன் இன மக்களே ஓட்டுப் போட்டு அனுப்பியவர், பசியோடு காத்திருந்த கிழவர்களும் அதே மக்கள். எனக்குக் கோபம் வந்ததைவிட வெட்கமே அதிகம்.

இதைத் தோண்டி எடுத்தது போலீஸ் இல்லை. 2023-இல் எல்.ஏ.இஸ்ட் என்ற உள்ளூர்ச் செய்தி நிறுவனம் எழுதத் தொடங்கியது. பிரவுன் சட்டத்துக்கு வித்திட்டதும் பத்திரிகைதான், 1952-இல் ‘சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்’ வெளியிட்ட ஒரு தொடர். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் வாசகர்களில் எத்தனையோ பேர் இங்கே வீடு வாங்கி, வருடா வருடம் சொத்து வரி கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். கவுண்டி வாரியத்தின் பட்டியலை எப்படிப் படிப்பது, மூட்டைக்குள் இருக்கும் ஒரு விஷயத்தைத் தனியே எடுத்துப் பேச எப்படிக் கேட்பது என்று தமிழில் ஒரு பக்கம் போடுங்கள். எனக்கு இங்கே ஓட்டு இல்லை. அவர்களில் குடியுரிமை வாங்கியவர்களுக்கு இருக்கிறது.

வரும் செவ்வாய்க்கான பட்டியல் வெள்ளி மாலையே வந்துவிட்டது. 312 பக்கம். “அப்பா, போனிலேயே படிக்கக் கூடாதா?” என்கிறாள் மகள். பிரிண்டரில் மை தீர்ந்தது 140-ஆம் பக்கத்தில். துப்புரவு ஒப்பந்தத்தின் ஐந்தாவது திருத்தம் 203-இல் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்,
கலிபோர்னியா