கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. கொருக்குப்பேட்டை கேட் வழக்கம்போலத்தான், தம்பி தினமும் அங்கே நின்று நின்று சலித்துப்போகிறான். கொஞ்ச நாளாக உன் போன் இல்லை. பந்தோபஸ்து டூட்டி இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் அவள் காதிலும் விழும், அதனால்தான் கடிதம். ஸ்டேஷனுக்கு வேண்டாம் என்று குவார்ட்டர்ஸ் முகவரிக்கே அனுப்புகிறேன்.

போன வாரம் எதிர்வீட்டு டீச்சரம்மா போனில் ஒரு படம் காட்டினார். உங்கள் ஊர்ச் செய்தி. செயின் பறித்த பையன், வலது கையில் மாவுக்கட்டு, கட்டிலில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறான். பாத்ரூமில் வழுக்கி விழுந்தானாம். "உங்க பொண்ணு ஸ்டேஷன்தானே சார்? சரியான வேலை பண்ணிருக்காங்க" என்றார். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. உன் வேலை உனக்குத் தெரியும். எதில் கையெழுத்துப் போட்டாலும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுப் போடு, அவ்வளவுதான்.

பரீட்சைக்கு மொட்டைமாடியில் நடந்து நடந்து படிப்பாயே, நினைவிருக்கிறதா? கைது செய்யும்போது போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் போட்ட 11 கட்டளைகளையும் கடகடவென்று ஒப்பிப்பாய். கைதுக் குறிப்பில் தேதி, நேரம், வீட்டாரோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்து. உறவினருக்குத் தகவல். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர். கைதானவன் கேட்டால் உடம்பிலுள்ள காயங்களை அப்போதே குறித்து, அவனும் அதிகாரியும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை மட்டும் எப்போதும் விட்டுவிடுவாய், நான் எடுத்துக் கொடுப்பேன். இத்தனை வருஷம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவனுக்கு அது மறக்குமா!

ராபர்ட் பீல் என்ற இங்கிலாந்து மந்திரியின் கதையும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1829-ல் லண்டனில் போலீஸ் படை அமைத்தபோது, பட்டாளத்துச் சிவப்பு வேண்டாம் என்று நீல உடுப்பு கொடுத்தார்கள், கையில் தடி மட்டும். அவர் பெயரில் வழங்கும் கொள்கைகளில் இரண்டை எனக்குப் பிடித்ததால் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வேன்: போலீஸும் ஜனங்களும் வேறு வேறு இல்லை, குற்றம் நடக்காமல் இருப்பதுதான் போலீஸின் திறமைக்கு அத்தாட்சி, அதை அடக்கப் போலீஸ் காட்டும் அமர்க்களம் இல்லை. அதே வெள்ளைக்காரன் இங்கே வந்ததும் ஆள் மாறிவிட்டான். 1857 கலகத்தின் சூடு ஆறும் முன்னே, நம் மாகாணத்துக்கு 1859-ல் ஒரு போலீஸ் சட்டம், அப்புறம் 1861-ல் பொதுவாக ஒன்று. ஜனங்களிடமிருந்து சர்க்காரைக் காப்பாற்றும் போலீஸ் அது. ஆனால் அவனே 1872 சாட்சியச் சட்டத்தில், போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்றும் எழுதி வைத்தான். இப்போதைய புதுச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. அப்படியிருக்க, கையை உடைத்து என்ன வாங்கப்போகிறார்கள்?

அந்தப் பையன் யோக்கியன் என்று நான் சொல்லவில்லை. கழுத்து அறுபட்டு வந்து சாட்சி சொன்ன பாட்டிகளை நான் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். உங்கள் கஷ்டமும் தெரியும். காலையில் மந்திரி பந்தோபஸ்து, மதியம் கோர்ட், ராத்திரி ரோந்து, நடுவில் "நாளைக்குள்ள ஆளைத் தூக்கு" என்று மேலிருந்து போன். புலன்விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் 2006-லேயே சொன்னது. பிரித்திருந்தால் நீ ஒழுங்காகத் தூங்கியாவது இருப்பாய். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஆனால் ஒன்று. இந்த பாத்ரூம்களில் விழுகிறவர்களுக்கு மட்டும் பார்த்துப் பார்த்துக் கை உடைகிறது. அதே பாத்ரூமுக்குப் போகும் ஏட்டையா ஒருவரும் வழுக்கியதாகக் கேள்விப்பட்டதில்லை. 2020-ல் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்த சாத்தான்குளத்துக்குப் பிறகும் இதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள், ஊரும் கைதட்டுகிறது. தம்பி ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது வண்டியை நிறுத்துகிறார்கள். நம்ம வியாசர்பாடி என்றால் போதும், இறங்கச் சொல்லி முகத்தைப் போட்டோ எடுக்கிறார்கள். அக்கா எஸ்.ஐ. என்று அவன் சொல்வதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், பதில் இல்லை.

ரிமாண்டுக்கு வரும் பையன்களை மாஜிஸ்ட்ரேட் கேட்பார், "போலீஸ் மேல ஏதாவது புகார் இருக்கா?" பையன் உடனே பதில் சொல்ல மாட்டான். ஒரு தரம் திரும்பி, பின்னால் நிற்கும் ஏட்டின் முகத்தைப் பார்ப்பான். அப்புறம்தான் "இல்லீங்கய்யா" வரும். நான் அதைத்தான் எழுதிக்கொள்வேன், திரும்பிப் பார்த்ததை எழுத அந்தத் தாளில் இடம் கிடையாது. அந்தப் பையன்கள் உன்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, பாப்பா. கேஸ் போடு, உள்ளே தள்ளு, அது உன் வேலை. முழு ஆளாகக் கொண்டுபோய் நிறுத்து. தண்டனை கொடுக்க மேலே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

நீ யூனிபார்மில் முதல் தடவை தெருவுக்குள் வந்தபோது கேரம் ஆடிக்கொண்டிருந்த பசங்கள் எழுந்து நின்றார்கள். பயந்து இல்லை, நம்ம சிறார் மன்றத்தில் படித்த அக்கா என்று. இன்னமும் உன்னைத்தான் கேட்கிறார்கள்.

ஸ்டேஷன் ரைட்டர் எழுதி நீட்டினால் அவசரப்படாதே. இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டே கேட்டாலும் சரி, படித்துப் பார்க்காமல், நீ உன் கண்ணால் பார்க்காததுக்குக் கையெழுத்துப் போடாதே. ஏற்கெனவே போட்டிருந்தால் அதையும் எனக்குச் சொல்லு. நான் திட்டமாட்டேன். தெரிந்த வக்கீல்கள் இருக்கிறார்கள்.

கருவாடும் மிளகாய்த்தூளும் தம்பி பார்சல் போடுகிறான். அம்மாவுக்கு ஞாயிறு காலையில் போன் பண்ணு. எனக்கு இரண்டு வரி எழுது. அந்தப் பையனுக்குக் கட்டு எப்போது பிரிக்கிறார்கள், வீட்டிலிருந்து யாராவது வந்து பார்த்தார்களா, அதையும் எழுது.

அப்பா