கப்பல் நுழைந்த வாசலையும் காட்டுங்கள்

மொராக்கோவுக்குப் பயணிகளை அழைத்துப்போகும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

மொராக்கோவின் தலைநகர் ரபாத்தில் உங்கள் ஒருநாள் திட்டம் எனக்கு மனப்பாடம். ஹசன் கோபுரம், மன்னர் ஐந்தாம் முகம்மதின் கல்லறை மாடம், உதாயா கோட்டை, சாப்பாடு, அப்புறம் அடுத்த ஊர். நானும் அப்படி ஒரு குழுவோடு போனவன்தான். கோட்டை மேட்டில் நின்றபோது அக்கரையில் தெரிந்த ஊர் எது என்று கேட்டேன். "சலே. பழைய கடற்கொள்ளையர் ஊர்" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி பஸ்ஸை நோக்கி நடந்துவிட்டார்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை நானே டிராம் ஏறினேன். இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடும் பூ ரெக்ரெக் ஆற்றைத் தாண்டியதும், சலேயின் பழைய மதில் வாசல் ஒன்றின் பெயரிலேயே ஒரு நிறுத்தம் வருகிறது: பாப் மிரிசா. இறங்கினால் எதிரே மதில்.

வாசலின் உயரம்தான் முதலில் கண்ணை உறுத்தும். இரண்டு பக்கமும் கோபுரங்கள், நடுவே லாட வடிவ வளைவு, வளைவின் இரு தோள்களிலும் கல்லில் செதுக்கிய கொடிப் பின்னல். ஆளும் குதிரையும் போய்வர இத்தனை உயரம் எதற்கு? இது கப்பல் நுழைவதற்காகக் கட்டிய வாசல். ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாய் இந்த வளைவுக்குக் கீழே ஓடி, மதிலுக்குள் இருந்த கப்பல் துறைக்குப் போனது. பாப் என்றால் வாசல்; மிரிசா என்றாலே சின்னத் துறைமுகம் என்றுதான் பொருள். பிற்காலத்தில் வண்டல் சேர்ந்து கால்வாய் தூர்ந்துபோனது, தரையும் உயர்ந்துவிட்டது. நாம் இன்று நின்று அண்ணாந்து பார்ப்பது மிச்சமிருக்கும் உயரத்தைத்தான்.

இதைக் கட்டவைத்தது ஒரு பெருந்துயரம். 1260 செப்டம்பரில், ரமலான் நோன்பு முடிந்து பெருநாள் கொண்டாடும் வேளையில், இன்றைய ஸ்பெயினில் இருந்த கிறிஸ்தவ அரசான காஸ்டிலின் மன்னர் பத்தாம் அல்போன்சோவின் கப்பல்கள் சலேக்குள் புகுந்தன. ஆற்றுப் பக்கம் மதில் இல்லை. போதாக்குறைக்கு, மொராக்கோவை ஆண்ட மரினிட் வம்சத்து அரசர் அபூ யூசுப் யாகூபுக்கு எதிராக அவருடைய சகோதரர் மகனே கலகம் செய்து ஊரைக் கையில் வைத்திருந்த நேரம் அது. பலர் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று பிடிபட்டவர்களைக் கப்பலேற்றி காஸ்டிலின் கையில் இருந்த செவில்லா நகருக்குக் கொண்டுபோனார்கள்.

செய்தி கேட்ட அபூ யூசுப் கிழக்கே உள்ள தாசா என்ற ஊரிலிருந்து இரவு பகலாக விரைந்து வந்து ஊரை மீட்டார். உடனே ஆற்றோரம் மதில் எழுப்பும் வேலை தொடங்கியது. அரசரே கல் எடுத்துக் கொடுத்தார் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. அந்தப் பத்தாண்டுக்குள் இந்த வாசலும் எழுந்தது. கட்டியவர் முகம்மது இப்னு அலி, செவில்லாக்காரர். முஸ்லிம்கள் ஆண்டுவந்த செவில்லா 1248-லேயே காஸ்டிலிடம் விழுந்துவிட்டது. சலே மக்கள் கைதிகளாகப் போய்ச்சேர்ந்த அதே ஊரைச் சேர்ந்த ஒருவர்தான் சலேக்கு இந்தக் காவலைக் கட்டிக்கொடுத்தார். வளைவின் நிழலில் நின்று இதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நீங்கள் சொல்லும் கடற்கொள்ளையர் காலம் 17ஆம் நூற்றாண்டு. வாசல் அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. கொள்ளையர் கதையைச் சொல்ல வேண்டாம் என்று கேட்கவில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லோடு ஊரையே முடித்துவிடுவது அநியாயம். கொள்ளைபோன ஊராகவும் சலேயைச் சொல்லுங்கள்.

அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். இன்னொரு யோசனையும் உண்டு. உதாயா கோட்டைக்குக் கீழே துடுப்புப் படகுக்காரர்கள் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகிறார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு அந்தப் படகில் கூட்டிப் போங்கள். இந்த வாசலுக்கு முதலில் வந்தவர்களும் தண்ணீர் வழியாகத்தானே வந்தார்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பயணி ஒருவன்