டெல்டாவுல ராத்திரி கபடி நடத்துற அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

மன்னார்குடி, வடுவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைன்னு நம்ம பக்கத்துல ராத்திரி கபடி நடத்துற விழாக்குழு அண்ணன்கள் எல்லாருக்கும் வணக்கம். உங்க போட்டிகள்ல கோட்டுக்கு வெளிய உக்காந்து போட்டோ எடுக்குற தம்பி எழுதுறேன். ஆட்டம் நடக்குறப்ப யாரும் பிளாஷ் அடிக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிருங்க, பிளாஷே தேவைப்படாத மாதிரி லைட்ட கட்டிக் குடுங்க, இதான் நான் கேக்குறது.

ரெய்டு போறவனுக்கு இருக்குறதே 30 செகண்டு. அவன் கண்ணு பூரா கார்னர்ல நிக்கிறவன் கால் மேலயே இருக்கும், அந்த நேரம் பாத்து எதுத்தாப்ல ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா பளிச்சுன்னு அடிச்சா கண்ணு கூசிப்போயிரும்ல, அதுக்குள்ள கணுக்கால்ல புடி விழுந்துரும். முட்டி தேய மண்ணுல விழுந்து ஆடுற பசங்களுக்கு இத செய்யலாமாண்ணே? சரி படமாவது நல்லா வருதான்னா அதுவும் இல்ல. தூரம் ரெண்டு மடங்கானா பிளாஷ் வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிரும், அதனால கிட்ட நிக்கிறவன் முதுகு வெள்ளையா வெளுத்துரும், பின்னாடி பாடிட்டு வர்றவன் இருட்டுல கெடப்பான், கால் இழுக்குறப்ப கிளம்புற புழுதியும் அறுப்பு சமயத்துல லைட்ட சுத்துற புகையான் பூச்சியும் படம் பூரா வெள்ளைப் புள்ளியா தெறிச்சிருக்கும். கூட்டத்துலேர்ந்து செல்போன் பிளாஷ் அடிக்கிறவங்களுக்கு மைக்ல சொல்லுங்க, களமே 13 மீட்டர் நீளம், செல்போன் பிளாஷ் ரெண்டு மூணு மீட்டருக்கு மேல எட்டாது.

பிளாஷ் இல்லாம எடுக்கலாம். வெளிச்சத்த நெறைய உள்ள விடுற 1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்த உணர்ற அளவு, 3200 இல்ல 6400, ஷட்டர் தெறந்து மூடுற நேரம் 500ல ஒரு பங்கு செகண்டு இல்ல அதவிட கம்மியா இருக்கணும். படத்துல பொடிப்பொடியா கிரெயின் வரும், வரட்டும், கை கால் அசைவுல கலங்கிப்போன படத்த எதுவும் பண்ண முடியாது, கிரெயினோட இருக்குற படம் பேப்பர்ல போட்டா நல்லாவே இருக்கும்.

ஆனா அதுக்கு லைட்டு சரியா இருக்கணும், அங்கதான் உங்க உதவி வேணும். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால மெட்டல் ஹாலைடு லைட்டும் மலிவான எல்இடியும் செகண்டுக்கு 100 தடவ மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஒரே புடிய தொடர்ந்து அஞ்சு படம் அடிச்சா ஒண்ணு பளிச்சுன்னு இருக்கும், அடுத்தது இருட்டடிச்சுக் கெடக்கும், இன்னொண்ணுல பாதி களம் மட்டும் கலர் மாறியிருக்கும், பாயிண்ட் விழுந்த அந்த ஒரு படம் இருட்டுல மாட்டிக்கிட்டா மனசு ஆறவே ஆறாது. இதுக்கு வழி இருக்கு. எல்லா லைட்டையும் கரண்டோட ஒரே பேஸ் லைன்ல மாட்டாம மூணு பேஸ்லயும் பிரிச்சு, ஒரே இடத்துல விழுற மாதிரி மாட்டச் சொல்லுங்க, ஒண்ணு மங்குறப்ப இன்னொண்ணு தூக்கிக் குடுத்துரும். மூணு பேஸ் ஜெனரேட்டர்னாலும் அப்படித்தான், எலக்ட்ரீசியன் அண்ணனுக்கு இது பெரிய வேலை இல்ல. அப்பறம் ஒரு பக்கம் மட்டும் ரெண்டு கம்பம் நட்டா ஆடுறவன் மூஞ்சில பாதி நிழல், நாலு மூலையிலயும் நல்ல உசரத்துல வச்சு கீழ பாக்க சாய்ச்சா பசங்க கண்ணுலயும் அடிக்காது.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, நம்ம ஊர்ல எந்த கபடிக்காரன் வீட்டுக்குப் போனாலும் கோப்பை வாங்குற படம்தான் சுவத்துல இருக்கு, அவன் ஆடுற படம் இல்ல. பாஞ்சு போனஸ் எடுத்தத, நாலு பேர இழுத்துக்கிட்டு நடுக்கோட்ட தொட்டத அவன் புள்ளைங்க பாக்க வேணாமா?

பரிசளிப்புல பிளாஷ் எவ்வளவு வேணா அடிக்கட்டும். லைட் கட்டுற அன்னிக்கு பொழுது சாஞ்சதும் ஒரு போன் போடுங்கண்ணே, கேமராவோட வந்து எந்த மூலையில நிழல் விழுதுன்னு எடுத்துக் காட்டுறேன், அங்கேயே வச்சு மாத்திக்கலாம்.