பேட்டைக் கல்லூரியின் பழைய ஏடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருநெல்வேலியின் கல்விச் சிறப்பைப் பேசுவோர் பாளையங்கோட்டையின் தூய யோவான், தூய சவேரியார், சாராள் தக்கர் கல்லூரிகளைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியவைதான். ஆனால் பேட்டையிலுள்ள மதுரை திரவியம் தாயுமானவர் இந்துக் கல்லூரியை ஏனோ கடைசியில்தான் நினைக்கிறோம். எனக்கு இது பெரிய குறை.

1861இல் பள்ளியாகத் தொடங்கி, 1878இல் கல்லூரியாக உயர்ந்த நிறுவனம் அது. 1890களில் எட்டயபுரத்திலிருந்து வந்த சிறுவன் பாரதி படித்தது இதன் பள்ளியில்தான். அந்தப் பள்ளி இன்றும் டவுனில் நடக்கிறது. புதுமைப்பித்தன் பட்டம் பெற்றது இந்தக் கல்லூரியில். 1990இல் உருவான நம் பல்கலைக்கழகம் எவர் பெயரைத் தாங்குகிறதோ, அந்த மனோன்மணீயம் சுந்தரனாரும் இங்கே பணியாற்றியவரே. தாய்ப் பல்கலைக்கழகத்துக்கே பெயர் தந்தவரின் கல்லூரி என்று எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

முதலில் சென்னை, பிறகு மதுரை, இப்போது நெல்லை என இக்கல்லூரி மூன்று பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்திருக்கிறது. அதனால் இதன் வரலாற்றை ஒரே இடத்தில் தேடிப் பயனில்லை. தேர்வுப் பதிவுகள் ஓரிடம், ஆண்டு மலர்கள் வேறிடம். பழைய மாணவர்களின் வீட்டுப் பரண்களிலும் சில கிடக்கலாம். கறையானும் ஈரமும் காத்திருப்பதில்லை.

பல்கலைக்கழக நூலகம் முன்வந்து, நம் பழைய கல்லூரிகள் அனைத்தின் ஆண்டு மலர்களையும் மின்னாக்கம் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். வீட்டில் பழைய மலர் வைத்திருப்போர், பழைய தாள் கடைக்குப் போடுமுன் கல்லூரிக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி டவுன்