புது ஜெனரேட்டர் வேண்டாம்ங்க: நோம்பிக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

நம்ம ஊர் மாரியம்மன் கோயில் நோம்பிக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், கூட ஓடியாடி வேலை பார்க்கும் தம்பிமாருக்கும் வணக்கம்ங்க.

இந்த வருசம் தலைக்கட்டு வரியோடு புது ஜெனரேட்டருக்கென்று தனியாக ஒரு தொகை போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். திருவிழா தொடங்கும் பூச்சாட்டுக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். இருக்கிற ஜெனரேட்டரில் பெரிய கோளாறு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதை வைத்திருக்கிற மாதிரியே வைத்திருந்தால், புதுசு வாங்கினாலும் அடுத்த பங்குனிக்கு அதுவும் கிளம்பாது.

போன நோம்பியில் மாவிளக்கு அன்றைக்கு மழைக்காற்றில் கரண்ட் போனதும் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தோம். கம்பத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஆள் மாற்றி ஆள் கயிற்றை இழுத்தார்கள். எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கிற சோக்கைப் போடு என்றார் ஒரு மாமா, எடு என்றார் இன்னொருத்தர். கடைசியில் ஒரு தம்பி ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் வாயிலேயே பெட்ரோலை ஊற்றினார். பத்தடியில் தீப்பந்தம் எரிகிறது! ஆத்தா புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

சரி, ஏன் கிளம்பவில்லை? நோம்பி முடிந்ததும் மீதிப் பெட்ரோலோடு சாமான் ரூமில் தள்ளிப் பூட்டுகிறோம். அடுத்த பூச்சாட்டுக்குத்தான் கதவு திறக்கிறது. கார்பரேட்டர் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, அடியில் பிசின் போல ஒரு கசடு தங்கிவிடும். ஜெட் என்கிற பித்தளைத் துண்டில் இருக்கும் ஓட்டை ஊசிமுனை அளவுதான். அது அடைத்துக்கொண்டால் எத்தனை தடவை கயிறு இழுத்தாலும் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏறாது. போதாக்குறைக்கு இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் அப்படியே நின்றால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் இறங்கிவிடும். டேங்க்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகுதான் ‘காக்’. அதைத் திறந்ததும் முதலில் கார்பரேட்டருக்குப் போவது அந்த அடிச்சரக்குதான்.

இதற்கு வைத்தியம் பெரிய வித்தை இல்லை. பழைய பெட்ரோல் முழுவதையும் வடித்துவிட வேண்டும். கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் போல்ட்டைப் பத்தாம் நம்பர் ஸ்பானரால் கழற்றி, கிண்ணத்தைத் துடைத்து, ஜெட்டில் கார்பரேட்டர் கிளீனர் அடித்தால் போதும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைப்பு எடுக்க வயரில் இருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பி சரி. சேப்டி பின், ஊசி எல்லாம் விட்டீர்களானால் ஓட்டை பெரிதாகி, எஞ்சின் கறும்புகை தள்ளிக்கொண்டு பெட்ரோலைக் குடிக்கும். தம்பிமாருக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இன்னொரு விசயம் ஆயில். இந்த மாதிரி ஜெனரேட்டர் செட்டுகள் பலதில் ஆயில் குறைந்தால் பிளக்கில் வரும் தீப்பொறியை வெட்டிவிடும் சென்சார் உண்டு. எஞ்சின் வெந்து போகாமல் இருக்க வைத்தது. கோயிலுக்குப் பின்னால் நாம் செட்டை நிறுத்தும் இடம் நல்ல சரிவு. ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால், அளவு கொஞ்சம் குறைச்சலாக இருந்தாலும் சென்சார் வெட்டிவிடும். புது பிளக் மாட்டியும் பொறி வரவில்லை என்றால், இன்னொரு பிளக் வாங்க ஓடாமல் செட்டைச் சமதளத்தில் வைத்து ஆயிலைப் பாருங்கள்.

அன்றைக்கு ராத்திரி போல மறுபடி பெட்ரோல் வாடை குப்பென்று வந்தால், எஞ்சின் பெட்ரோலில் நனைந்துவிட்டது என்று அர்த்தம். மேலும் இழுத்தால் மேலும் நனையும். சுவிட்சை அணைத்து, காக்கை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடையுங்கள். பிளக் இல்லாமலே நாலைந்து தடவை கயிற்றை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியே வந்துவிடும். கொஞ்ச நேரம் காயவிட்டு மாட்டிப் பாருங்கள். பக்கத்தில் பீடி, பந்தம் எதுவும் கூடாது. சீரியல் செட், மைக் செட் வயரையெல்லாம் ஜெனரேட்டர் கிளம்பி ஓட்டம் சீரான பிறகு சொருகினால் போதும். சைலன்சர் வாயையும் ஒருதரம் பாருங்கள். வருசக்கணக்கில் சும்மா கிடக்கும் ஜெனரேட்டரில் குளவி மண்கூடு கட்டுவது நம்ம பக்கம் சகஜம்.

மழை வந்தால் செட்டைச் சாமான் ரூமுக்குள் இழுத்து வைத்து ஓட்டலாம் என்று போன தடவை பேச்சு வந்தது. வேண்டவே வேண்டாம்ங்க. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, ஆளையே கொன்றுவிடும். நாலு தூண் நட்டுத் தகரம் போட்டு, சுற்றிலும் திறந்து விடுங்கள். அதே போல ஜெனரேட்டர் வயரைக் கோயில் பிளக்கில் சொருகி லைனுக்குக் கரண்ட் ஏற்றுவதும் நிற்க வேண்டும். கோயிலை வெளி லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அப்படிச் செய்தால், கரண்ட் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனுக்குத்தான் ஆபத்து.

கமிட்டியிடம் நான் கேட்பது இவ்வளவுதான். செட்டுக்கென்று ஒரு தம்பியைப் பொறுப்பாகப் போடுங்கள். அவர் மாதம் ஒருதரம் அதை வெளியே எடுத்து, ரெண்டு ஃபேனோ நாலு லைட்டோ சொருகி, கால் மணி நேரம் ஓட்டட்டும். நிறுத்தும்போது காக்கை மூடிவிட்டு, கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக அணையும் வரை விட வேண்டும். நோம்பி முடிந்து மஞ்சள் நீராட்டும் ஆனபிறகு டேங்க்கையும் காலி செய்துவிடலாம், அந்தப் பெட்ரோலை யார் வண்டியிலாவது ஊற்றிக்கொள்ளட்டும். அப்புறம் மாதாமாதம் ஓட்டிப் பார்க்க அரை லிட்டர் புதுசு வாங்கினால் தாராளம்.

வரி போடுவதற்கு முன்னால் சாமான் ரூம் சாவியை யாராவது என் பட்டறைக்குக் கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். கூலி வேண்டாம். பழைய பெட்ரோலை வடிக்க ஒரு காலி கேனும், கூடமாட நின்று பழகிக்கொள்ள அந்தத் தம்பியும் இருந்தால் போதும். அப்படியும் கிளம்பவில்லை என்றால் புது செட்டுக்கு முதல் வரி நானே கட்டுகிறேன்.

இப்படிக்கு,
கடைவீதியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் உங்கள் ஊர்க்காரன்